அடித்து எழுதினால் தப்பில்லை!

பிள்ளைகளை எழுத்தாளர் ஆக்கிய பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை எழுதிக் கொடுக்கிறான். நோட்டு திரும்பி வருகிறது. பக்கம் முழுவதும் சிவப்பு மை! அதோடு அந்தக் கட்டுரையின் கதை முடிந்தது. பிள்ளை அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இப்படிச் செய்தால் பிள்ளைக்கு எழுத வருமா? இதை ஆராய்ந்தவர், டொனால்டு கிரேவ்ஸ். அமெரிக்காவில், நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

பத்திரிகைக்காரர் காட்டிய வழி

அதே பல்கலைக்கழகத்தில் டொனால்டு மரே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் முன்பு பத்திரிகைக்காரர். தலையங்கம் எழுதி 1954-ம் ஆண்டில் புலிட்சர் பரிசு வாங்கியவர்.

பத்திரிகைக்காரர் எப்படி எழுதுகிறார்? முதலில் மனதில் வந்ததை எழுதுகிறார். படித்துப் பார்க்கிறார். வேண்டாததை அடிக்கிறார். விட்டுப்போனதைச் சேர்க்கிறார். எழுத்துப் பிழையைக் கடைசியில்தான் பார்க்கிறார்.

கை தேர்ந்த எழுத்தாளரே நாலு தடவை அடித்து எழுதுகிறார். ஏழு வயதுப் பிள்ளை மட்டும் ஒரே தடவையில் பிழை இல்லாமல் எழுதிவிட வேண்டுமாம்!

"எழுதி முடித்ததைத் திருத்துவதைவிட, எழுதும் வழியைச் சொல்லிக் கொடுப்பதே மேல்" என்ற கருத்தை மரே 1972-ல் ஒரு கட்டுரையில் எழுதினார்.

வகுப்பிலே ஆராய்ச்சி

இது சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா? கிரேவ்ஸ் அதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். நியூ ஹாம்ஷயரில் அட்கின்சன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஆரம்பப் பள்ளியில் 1978 முதல் 1980 வரை ஆராய்ச்சி நடந்தது. லூசி கால்கின்ஸ், சூசன் சோவர்ஸ் என்ற இரு பெண்மணிகளும் அவருடன் வேலை செய்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுவதைக் கவனித்தார்கள்.

அங்கே, என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்வான். வீட்டு நாய், தாத்தா, கீழே விழுந்து அடிபட்டது, எதுவானாலும் சரி.

முதல் நகலில் பிழை இருந்தால் ஆசிரியை கோபிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"எங்கள் நாய் நல்ல நாய்" என்று ஒரு பிள்ளை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அப்படியா? அது என்ன செய்யும்?" என்று ஆசிரியை கேட்பார்.

"நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலிலேயே படுத்திருக்கும்!"

"அதையும் எழுதேன்!"

இடம் இல்லையா? அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதலாம். தாளை வெட்டி, நடுவே வேறு தாளை ஒட்டலாம். தாள் அழுக்கானால் பரவாயில்லை. விஷயம் தெளிவானால் போதும்.

பிழை திருத்துவது எப்போது?

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்ன பிறகுதான், பிழை திருத்தும் வேலை. எழுத்துப் பிழை, முற்றுப்புள்ளி எல்லாம் அப்போது பார்ப்பார்கள். நன்றாக வந்ததை அட்டை போட்டுப் புத்தகமாகக் கட்டுவார்கள். மற்றப் பிள்ளைகள் அதை எடுத்துப் படிப்பார்கள். "நாலு பேர் படிக்கப் போகிறார்கள்" என்றால், பிழை இருக்கப் பிள்ளைக்கே மனம் வராது அல்லவா?

இந்த அனுபவங்களைக் கிரேவ்ஸ் 1983-ல் புத்தகமாக வெளியிட்டார். பல நாட்டு ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள். அவர் 2010-ல் காலமானார்.

ஓர் எச்சரிக்கை

எதிர்ப்பும் வந்தது. லிசா டெல்பிட் என்ற கருப்பினக் கல்வியாளர் 1986-ல் ஒரு கேள்வி எழுப்பினார். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல நடை வீட்டிலேயே காதில் விழுகிறது. மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இலக்கணத்தையும் எழுத்து முறையையும் பள்ளிக்கூடம் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தானே? நியாயமான கேள்வி! ஆகவே, பிழை திருத்துவதைத் தள்ளி வைக்கலாம். அடியோடு விட்டுவிடக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

பிள்ளை எழுதிக் காட்டினால், முதலில் முழுவதும் படியுங்கள். எது பிடித்தது என்று சொல்லுங்கள். எது புரியவில்லையோ அதைக் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லும். "இதையும் எழுது" என்று பென்சிலைக் கையில் கொடுங்கள். பிழையை அப்புறம் இருவரும் சேர்ந்து தேடலாம். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட தாய்மார்களும் இதைச் செய்யலாம். கேள்வி கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். அக்கறை இருந்தால் போதும்.