ஏரல் விலையும் கொழும்பு விலையும்

ஏரல் கடைத்தெருவில் அரிசி வாங்குவோர், தூத்துக்குடிக்கு அப்பால் கொழும்பில் அதன் விலை யாதென வினவுவதுண்டு. நாணயமாற்றுக் கணக்கொன்றையே நம்பி விடை கூறின், நாம் ஏமாறுவோம்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இலங்கை ரூபாய் ஏறக்குறைய 200. மே மாதத்தில் ஏறக்குறைய 360. ஆங்கு 200 ரூபாய்ப் பண்டமொன்று 360 ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். நம் நாணயத்தில் அது முன்னர் 75, பின்னர் 77. விலை ஏறவேயில்லை போலும்! கூலி உயராத கொழும்புத் தொழிலாளியோ அதே பண்டத்திற்கு ஏறத்தாழ இருமடங்கு நேரம் உழைத்தல் வேண்டும். வாணிகர் இதனை அறிவர்; ஏட்டுக் கணக்குப் போடும் நாமே மயங்குகிறோம்.

அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவுப்பொருள் விலை முன்னாண்டினும் 94.9 விழுக்காடு மிக்கிருந்தது. ஏரலிலிருந்து நம் நாணயத்தில் கணித்தார்க்கு, அவ்வுயர்வில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே புலப்பட்டிருக்கும்.