ஒரே அறிக்கை, வெவ்வேறு திரைகள்

இரத்தப் பரிசோதனை முடிவு, அடுத்த வருகைக்கான நாள், மருந்து உட்கொள்ளும் முறை ஆகியவற்றை இப்போது பலரும் செல்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மேலூரில் இருக்கும் தாயின் அறிக்கையைப் பெங்களூரில் உள்ள மகளும் டல்லாஸில் உள்ள மகனும் அதே வேளையில் திறந்து பார்க்க இயலும். மூவரும் பார்ப்பது ஒன்றேதான் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்க்கும்போது எங்கே பொய்க்கிறது என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இணையப் பக்கம் என்பது அச்சிட்ட தாள் போன்றதன்று. அது ஒரு மருந்துச் சீட்டைப் போன்றது. இன்னது இங்கே இருக்க வேண்டும், இந்த அளவில் இருக்க வேண்டும் என்னும் கட்டளைகளே அதில் உள்ளன. அக்கட்டளைகளைப் படித்து, கண்ணுக்குத் தெரியும் பக்கமாக ஆக்கித் தருவது பிரவுசர் என்று நாம் வழங்கும் உலாவி. குரோமும் எட்ஜும் பிளிங்க் என்னும் இயக்கப்பொறியைக் கொண்டவை. ஃபயர்ஃபாக்ஸுக்குக் கெக்கோ, ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட். ஒரே சீட்டை மூன்று கம்பவுண்டர்கள் படித்து மருந்து கலப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே நெறிநூலைப் பின்பற்றினால்தான் மருந்து ஒன்றாக அமையும். அந்த நெறிநூலை வகுப்பதற்காகவே, வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994ஆம் ஆண்டில் டபிள்யூ3சி என்னும் அமைப்பை நிறுவினார். நெறிநூல் தெளிவாகச் சொல்லும் இடங்களில் உலாவிகள் இன்று ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அது மௌனமாக இருக்கும் இடங்களிலும், உலாவியின் விருப்பத்திற்கே விட்டுவிடும் இடங்களிலும்தான் வேறுபாடு முளைக்கிறது.

தமிழைப் பொறுத்தவரை இத்தொல்லை பழையது. 1990களில் தமிழ் இணையதளம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் வடிவத்தை ஒட்டவைப்பதே அக்காலத்து உத்தி. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையெனில் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வழியும் வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் ஒருவகைக் கோப்பையும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மற்றொருவகைக் கோப்பையும் மட்டுமே ஏற்றன. 1998 பொங்கலன்று, நம் ஊரின் பெயர் தாங்கித் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் முயற்சி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை ஒருங்கிணைத்தார். அத்திட்டத்தின் நூல்கள் முதலில் திஸ்கி என்னும் குறியேற்றத்தில் வெளிவந்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்னும் இரு தரங்களை முன்வைத்தது. இறுதியாக 2010 ஜூன் மாதத்தில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது. இந்த நீண்ட கதையின் எச்சங்கள் பழைய மருத்துவக் குறிப்புகளிலும் துண்டறிக்கைகளிலும் இன்னும் கிடக்கின்றன.

திரையில் தமிழ் சிதைந்து தெரிந்தால், சிதைவின் தோற்றத்தைக் கொண்டே காரணத்தை ஓரளவு கண்டறியலாம். மருத்துவர் அறிகுறி பார்ப்பதைப் போலத்தான். வெறும் கட்டங்கள் தெரிந்தால் அக்கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு. தலையில் கோடிட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் எழுத்திட்ட வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால், பக்கம் யூனிகோடில்தான் இருக்கிறது. அதை வேறு குறியேற்றம் என்று உலாவி தவறாகக் கருதிவிட்டது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அங்கே மூன்று எண்களாகச் சேமிக்கப்படுவதால், ஓர் எழுத்துக்கு மூன்று குப்பைகள் தோன்றுகின்றன. புள்ளிகளாலான சிறு வட்டத்தின் அருகே கொம்போ காலோ தனித்து நின்றால், எழுத்துகளைக் கோக்கும் வேலையில் பிழை. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும்; சேமிப்பிலோ அவ்விரண்டும் ஒரே குறியாக ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இந்த நான்கில் எது நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தில் உள்ள மருந்துக் குறிப்பை ஊகித்துப் படிக்கக் கூடாது. படம் பிடித்து, மருந்தகத்திலோ செவிலியரிடமோ காட்டிக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிதைவு இதைவிடக் கவனத்திற்குரியது. மதுரை வட்டாரத்தில் சௌந்தரம், சௌந்தரபாண்டியன், கௌரி போன்ற பெயர்களுக்குப் பஞ்சமில்லை. (சௌராஷ்டிர சமூகத்தினரின் பெயரே 'சௌ' என்றுதான் தொடங்குகிறது.) இந்த ஔகார உயிர்மெய்யை முறையாக ஒரே குறியால் எழுதலாம்; கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தைத் தட்டியும் எழுதலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. கணினிக்கோ அவை இரு வேறு பெயர்கள். முதல் வருகையில் ஒருவர் ஒரு விதமாகவும் இரண்டாம் வருகையில் இன்னொருவர் வேறு விதமாகவும் தட்டச்சு செய்திருந்தால், பெயரைக் கொண்டு தேடும்போது பழைய கோப்பு கிடைக்காது. 'ஸ்ரீ' என்னும் எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. 2005இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்டபின் அந்த எழுத்தை இரு வழிகளில் அமைக்கலாம்; பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பெயரின் நீளமும் இடர் தரும். சுப்பிரமணியன் என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து; கணினியின் கணக்கில் பதின்மூன்று குறி. பன்னிரண்டு குறிகளுக்கு மேல் ஏற்காத படிவத்தில் இறுதிப் புள்ளி உதிர்ந்து 'சுப்பிரமணியன' என்று நிற்கும். இதில் உலாவியின் குற்றம் ஏதுமில்லை. தரம் சொன்னபடியே அது எண்ணியிருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு படிவத்தை அமைத்தவரின் கவனக்குறைவு அது.

ஆகவேதான் பதிவுப் பிரிவில் பெயரைக் கேட்டபின்னும் பதிவு எண்ணைக் கேட்கிறார்கள். பழைய ஓ.பி. சீட்டைக் கொண்டுவரச் சொல்வதும் இதனால்தான். ஒவ்வாத மருந்து எது, முன்பு நடந்த அறுவை சிகிச்சை எது என்பவை பழைய கோப்பில் இருக்கும். கோப்பு கிடைக்கவில்லை என்றால் புதுக் கோப்பு தொடங்கப்படும். ஒவ்வாமைக் குறிப்பு பழையதிலேயே தங்கிவிடும்.

அடுத்தது தேதி. 05/08 என்று திரையில் தெரிந்தால் அது ஆகஸ்டு 5. அமெரிக்க அமைப்பு கொண்ட கருவியிலோ அது மே 8. எச்.டி.எம்.எல். தரத்தின்படி, படிவத்தின் தேதிக் கட்டத்தில் இட்ட நாள் உள்ளே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையிலேயே சேமிக்கப்பட வேண்டும்; அதில் குழப்பமில்லை. ஆனால் திரையில் எவ்வாறு காட்டுவது என்பதைத் தரம் உலாவிக்கே விட்டுவிட்டது. இதன்றி, நாட்காட்டியாக விரியும் தேதிக் கட்டத்தைக் குரோம் 2012இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் வழங்கின. மேசைக் கணினிக்கான சஃபாரியில் அது 2021இல்தான் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கடைசிவரை வரவேயில்லை. அத்தகைய பழைய உலாவிகளில் அவ்விடத்தில் வெறும் எழுத்துக் கட்டமே தோன்றும். அதில் நாம் நம் வழக்கப்படி தட்டச்சு செய்வதை அந்த முனையில் உள்ள மென்பொருள் எவ்வாறு புரிந்துகொள்ளும் என்பதற்கு உறுதி கிடையாது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. நேரம் குறிப்பிடாமல் தேதியை மட்டும் கொடுத்தால், சில நிரல்கள் அதைக் கிரீன்விச் நள்ளிரவு என்று கொள்கின்றன. மதுரையில் அது அதே நாளின் காலை ஐந்தரை மணி. டல்லாஸிலோ முந்தைய நாளின் மாலை. அங்கிருக்கும் மகன் தாயின் அறுவை சிகிச்சை நாளைப் பார்த்தால், ஒரு நாள் முன்னதாகவே அவருக்குத் தெரியக்கூடும். அவர் தொலைபேசியில் சொல்வதை நம்பித் தாய் ஒரு நாள் முன்பே வெறும் வயிற்றோடு புறப்பட்டு வந்தால் அலைச்சலோடு போயிற்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை இத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கும் நிலையில், அந்த ஒரு நாள் பிசகு விளையாட்டன்று. எனவே வருகை நாளைப் பிறரிடம் சொல்லும்போது மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்தே சொல்லுங்கள். கிழமை பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது. மருத்துவமனையை அழைத்து உறுதிசெய்த பிறகே மருந்தை நிறுத்துவதோ பட்டினி இருப்பதோ கூடும்.

பார்வை குன்றியவர்கள் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு அறிக்கைகளைக் கேட்டறிகிறார்கள். யூனிகோடில் உள்ள தமிழை அது படித்துச் சொல்லும். பழைய எழுத்துருவில் உள்ளதை ஆங்கில எழுத்துகளாகவே உளறும். அறிக்கையைப் படமாக ஒட்டியிருந்தால் ஒன்றும் சொல்லாது. கண்ணுள்ளவர்களுக்குக் குறையின்றித் தெரியும் பக்கம் அவர்களுக்கு வெற்றுத்தாளாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு வடிவத் தகவல்கள் அவர்களுக்கும் எட்டும் வகையில் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. உங்கள் வீட்டில் இவ்வாறு படிப்பவர் இருந்தால், எழுத்து வடிவிலான அறிக்கை வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

பழைய செல்பேசியை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 உள்ள கருவிகளுக்குக் குரோமின் புதிய பதிப்புகள் 2023ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டன. பக்கம் பாதியில் நின்றாலோ பொத்தான் வேலை செய்யாமல் போனாலோ, கருவி பழுதென்று முடிவுகட்டுமுன் வேறோர் உலாவியில் திறந்து பாருங்கள். புதுப்பிக்க முடிந்த கருவியாயின் உலாவியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சரிவராவிட்டால் பதிவு எண்ணைக் கூறி, அறிக்கையின் அச்சுப்படியைப் பதிவுப் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வாங்கியதும் அதிலுள்ள பெயர், வயது, பதிவு எண், தேதி ஆகிய நான்கையும் ஓ.பி. சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.