வெள்ளம் வாசலுக்கு வருமுன்

 



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையை விட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டனர். தாமிரபரணிக் கரையின் பல ஊர்கள் சாலையும் மின்சாரமும் இழந்து தீவுகளாயின. இத்தனைக்கும் அது புயல் அன்று. வளிமண்டலச் சுழற்சியால் பெய்த மழைதான்.

இத்தகைய நேரங்களில் "அல்லாஹ் நாடியது நடக்கும், நம் கையில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கூறுகின்றனர். கழா கத்ரை நம்புவது ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. ஆனால் சோம்பலுக்கு அதைப் போர்வையாக்குவது எங்ஙனம் பொருந்தும்? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கலாமா என்று வினவியவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. வரவிருக்கும் பஞ்சத்தை அறிந்த நபி யூசுப் (அலை) அவர்கள், அறுவடைத் தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள். கதிரில் இருக்கும் தானியம் எளிதில் கெடாது என்பதை விவசாயிகள் அறிவார்கள்.

வீட்டுப் பாதுகாப்பைப் பற்றியும் அண்ணலார் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு குடும்பத்தாரோடு தீப்பற்றியபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணத்தையும் விளக்கினார்கள். எலி இழுக்கும் திரியைக்கூட எண்ணிப் பார்த்த நபியின் உம்மத்தினர், மழைக்காலத்தில் மெயின் சுவிட்ச் எங்கிருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாமா?

இங்கேதான் நம் ஊர்களின் தனி நிலைமையைக் கருத வேண்டும். கடற்கரை ஊர்களில் ஆண்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றுகின்றனர். இடர் வரும் இரவில் வீட்டில் இருப்பவர்கள் வயது முதிர்ந்த உம்மாவும், மனைவியும், சிறு பிள்ளைகளும்தாம். ஆனால் பத்திரம் எந்தப் பீரோவில், யாரிடம் எவ்வளவு கடன், சிலிண்டரை எப்படி மூடுவது, மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது என்பதெல்லாம் வெளிநாட்டில் இருப்பவருக்கே தெரியும். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்த பின்பு அவரிடம் எப்படிக் கேட்பது? ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்பது நாம் அடிக்கடி ஓதிக் கேட்கும் நபிமொழி. பணம் அனுப்பிவிட்டால் அந்தப் பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை. விடுமுறையில் வரும்போது ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இவற்றைச் செய்து காட்டுங்கள். சொன்னால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நீர் ஏறுமுன்னரே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், நீரில் நின்றுகொண்டு தொடக் கூடாது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டியது எதுவும் இருப்பவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கலாகாது என்று ஹதீஸில் இருக்கிறது. அது கப்பலேறுபவர்களுக்கு மட்டும் உரியதன்று.

பெண்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். இத்தாவில் இருக்கும் பெண், வெள்ளம் சூழ்ந்தாலும் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இது சட்டமன்று. வீடு இடிந்து விழும், வெள்ளம் மூழ்கடிக்கும் என்று உயிருக்கு அச்சம் ஏற்படும்போது வேறு பாதுகாப்பான இடத்திற்கு அவள் செல்லலாம் என்பதை ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களும் கூறுகின்றன. மூழ்கிக்கொண்டிருப்பவரைக் காப்பாற்றத் தொழுகையையே இடையில் முறிப்பது கடமையாகிறதெனில், உயிரின் மதிப்பை ஷரீஅத் எவ்வாறு கருதுகிறது என்பதை உணர்ந்துகொள்ளலாம். மீட்புப் படகில் வருபவர்கள் அந்நிய ஆண்கள் என்பதற்காக ஏறத் தயங்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் புர்காவோ துப்பட்டியோ படுக்கைக்கருகில் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்தத் தயக்கத்தில் பாதி அதிலேயே நீங்கிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றிலும் வெள்ளம் நிற்கும். குடிக்க ஒரு குவளை இராது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று குறைந்தது மூன்று நாட்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் மூடிய பாத்திரங்களில் பிடித்து வையுங்கள். நீரின் தூய்மையில் ஐயமிருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. கைவசமுள்ள தூய நீர் குடிப்பதற்கு மட்டுமே போதுமெனில், அதை ஒளூவுக்குச் செலவிடாமல் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். சேறு கலந்ததனால் மட்டும் வெள்ளநீர் ஒளூவுக்குத் தகுதியற்றதாகிவிடாது; ஆனால் கழிவுநீர் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறியிருந்தால் அது நஜீஸ். ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமுக்குப் புழுதியுள்ள மண் வேண்டும் என்பதால், உலர்ந்த தூய மண்ணை ஒரு டப்பாவில் எடுத்து வைப்பது நல்லது. எங்கும் ஈரமாக இருக்கும்போது அதன் அருமை தெரியும்.

ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்போர்ட், பத்திரம், நிக்காஹ் பதிவுச் சான்று ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டு, மேல்தட்டில் வைத்துவிடுங்கள். டார்ச் விளக்கு, நாள்தோறும் சாப்பிடும் மருந்துகள் ஒரு வாரத்திற்கு, சிறிது ரொக்கம் ஆகியவையும் அதனருகில் இருக்கட்டும். மின்சாரம் போனால் ஏ.டி.எம். இயங்காது. இன்சுலின் போடுபவர்கள் அதை மூடி போட்ட சிறு டப்பாவிலிட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்துக் குளிர்ச்சியாகப் பாதுகாக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, ஆம்புலன்ஸ் 108. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் பூமி அதிர்ந்து, நம் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்த அவகாசம் இருந்தும் பெரும்பாலோருக்குச் செய்தி கிட்டவில்லை. இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் கடல் திடீரென்று உள்வாங்கினால் எச்சரிக்கைக்காகக் காத்திராமல், வேடிக்கை பார்க்கவும் செல்லாமல், உடனே மேட்டுப்பகுதிக்குச் சென்றுவிட வேண்டும். புயலிலும் இதைப் போன்ற ஓர் ஏமாற்றம் உண்டு. புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். புயல் ஓய்ந்தது என்று வெளியே வருபவர்களை எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று தாக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைக் கண்டவர்களிடம் கேட்டால், காற்றின் வேகம் என்னவென்று சொல்வார்கள். கடுங்காற்றும் மழையும் உள்ள இரவில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். எனவே அத்தகைய இரவில் ஜமாஅத்துக்கு வரவில்லையே என்று யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

இறுதியாக, நம் மஹல்லாவில் நடக்க இயலாதவர்கள், பார்வையற்றவர்கள், தனித்து வாழும் மூதாட்டிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இத்தாவில் இருப்பவர்கள் ஆகியோரின் வீடுகளை ஒரு நோட்டில் குறித்துவைக்கப் பள்ளிவாசல் நிர்வாகம் இசைந்துள்ளது. அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களின் வீடும் அதில் இடம்பெறும். யாரை யார் தூக்கிச் செல்வது என்று ஒவ்வொரு வீட்டிற்கும் இரண்டு இளைஞர்களின் பெயரை அதனருகில் எழுதுவோம். ஐப்பசி மழைக்கு முன் இப்பணி முடிய வேண்டும். விவரம் தருபவர்கள் அஸருக்குப் பின் மோதினார் அவர்களைச் சந்திக்கலாம். பெண்கள் தம் வீட்டுப் பிள்ளைகள் வழியாகச் சீட்டு எழுதி அனுப்பலாம்.