வெறுமையாகக் கிடக்கும் துறை யாருக்கு?

எசன் நகரத்துக்குக் கடல் இல்லை. நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர் இது. ஆனாலும் படகுக்காரருக்கு இங்கே குறைவில்லை. ரூர் ஆற்றை மறித்து 1931 முதல் 1933 வரை அமைத்த பால்டெனை ஏரி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளம். அதன் கரையில் பாய்ப்படகுக் கழகங்களும் துடுப்புப் படகுக் கழகங்களும் வரிசையாக இருக்கின்றன. கோடை வந்தால் இந்தப் பக்கத்துப் பாய்ப்படகுக்காரர் பலர் நெதர்லாந்துக்கோ பால்டிக் கடலுக்கோ கிளம்பிவிடுவார்கள்.

அங்கே உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பால்டிக் கரையோரத் துறைகளில் பல கட்டுமிடங்கள் கழக உறுப்பினருக்கோ ஆண்டு வாடகைக்காரருக்கோ உரியவை. அப்படியென்றால் இரவு ஒதுங்க வரும் வெளியூர்ப் படகு எங்கே போகும்? அதற்கு ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. இடத்துக்காரர் சில நாள் பயணம் போனால் பச்சையைத் திருப்பிவிட்டுப் போவார். எந்தத் திகதி வரை என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. வருகிறவர் படகைக் கட்டிவிட்டுத் துறைப் பொறுப்பாளரிடம் இரவுக் கட்டணத்தைச் செலுத்துவார். சிவப்பு தெரிந்தால் கட்டக்கூடாது.

துறை நிறைந்துபோனால் படகோடு படகாகச் சேர்த்துக் கட்டுவார்கள். வெளிப்படகுக்காரர் கரைக்குப் போக உள்படகின்மேல் நடக்கத்தான் வேண்டும். அப்போது முன்தளத்தால் போவதுதான் மரியாதை. ஆட்கள் இருந்து சாப்பிடும் பின்பக்கத்தால் போனால் முகம் சுளிப்பார்கள்.

இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். இது ஒழுங்கு. பச்சையைத் திருப்பியவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வரும் நாளில் அந்த இடம் அவருக்குத்தான். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் பலகையைத் தொடமாட்டார்கள்.

நம்ம ஆக்களுக்கு இது புதிசா? பழவேற்காடு ஏரியில் மீனவர்களின் 'பாடு' முறையைப் பாருங்கள். மீன் நன்றாகப் படும் இடங்களை ஒருவரே பிடித்து வைத்திருக்க முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை போடுவார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. முறை தெரிந்திருப்பதால் சண்டை குறையும். அதிலும் குறை உண்டு: பாட்டு உரிமை இல்லாத மீனவர் வெளியேதான் நிற்க வேண்டும். பகிர்வு யார்வரை போகிறது என்ற கேள்வி எந்தத் துறையிலும் எழும்.

அந்தக் கேள்வியைப் புலம்பெயர்ந்த நாங்கள் எங்களிடமே கேட்க வேண்டும். ஒரு சங்கத்தின் மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும். பக்கத்துத் தெருவில் இன்னொரு சங்கம் பிள்ளைகளுக்கு நடனம் பழக்க இடம் தேடி அலையும். பெரிய கிடாரம், கதிரை, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாக வாங்கி நிலவறையில் அடுக்கிவைக்கிறோம். கேட்டால், "அவைக்குக் குடுத்தா திரும்பி வராது" என்று பதில் வரும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்தும் படகுத்துறையிலேயே இருக்கிறது. வெறுமையான நாள் எது என்று வெளியே தெரியட்டும். திருப்பிக் கொடுக்கும் திகதியை எழுதுங்கள். சிறு கட்டணம் வாங்குங்கள். உடைத்தவர் திருத்திக் கொடுக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் புதுக் கதிரை வாங்கும் தீர்மானத்துக்கு முன்னால், இருக்கிற கதிரையை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசுங்கள்.