காகிதம் போகும் வழி – 9: திரும்பி வரும் கட்டு

விடியற்காலை நான்கு மணி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, பூட்டிக் கிடக்கும் துணிக்கடையின் வாசல்தான் பேப்பர் ஏஜென்ட் அண்ணாச்சிக்கு அலுவலகம். வேனிலிருந்து கட்டுகள் தொப் தொப்பென்று விழுகின்றன. பிளேடால் பட்டையை அறுத்ததும் கட்டைச் சுற்றியிருந்த தாள் கழன்று விழுகிறது. எடுத்துப் பார்த்தேன். நிறம் விலகி, ஒரு முகத்துக்கு இரண்டு முகமாகத் தெரிகிறது. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கி நிறங்கள் பொருந்தும் வரை வரும் தாள்கள் விற்பனைக்கு ஆகாது. அவற்றையே உறையாகச் சுற்றி அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம். அறுபட்ட பிளாஸ்டிக் பட்டைதான் சாக்கடையோரம் கிடக்கிறது. சணல் கயிறு வந்த காலத்தில் பையன்கள் அதைச் சுருட்டி வைத்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொள்வார்கள்.

வீட்டுக்குப் போடும் பேப்பரில் மிச்சம் விழுவதில்லை. சந்தா எண்ணிக்கை தெரிந்ததுதான். கடைகளில் தொங்கும் பிரதிகள்தான் பாடு. "மழை பேஞ்சா கடைக்காரர் பத்துப் பேப்பரத் திருப்பிருவாரு. குறைச்சு எடுத்தா அன்னைக்குன்னு பார்த்து ஆள் வந்து கேக்கும்" என்கிறார் அண்ணாச்சி. கேட்டு இல்லையென்று சொல்ல அஞ்சியே எல்லோரும் இரண்டு பிரதி கூடுதலாக வாங்குகிறார்கள். மதியம் தாண்டினால் நாளிதழ் பழைய பேப்பர். அடுத்த இதழ் வந்துவிட்டால் வார இதழும் அப்படியே. விற்காத கட்டு மறுபடி வண்டியேறி ஊர் திரும்புகிறது, எண்ணிக் கழிப்பதற்காக மட்டும்.

இந்தியா தன் செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பகுதியைக் கப்பலில் தருவிக்கிறது. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ரீல்கள் வருகின்றன. கடல் தாண்டி வந்த மரம் ஒருவர் கண்ணிலும் படாமல் எடைக்குப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எடைக்குப் போனாலும் அது வீணில்லைதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. பழைய தாளை நீரில் கரைத்து, சோப்பு போன்ற பொருள் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். மை குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலே வரும். வழித்து எடுத்தால் கூழ் வெளுக்கும். கரும்புச் சக்கையில் காகிதம் செய்து பேர் வாங்கிய புகளூர் டிஎன்பிஎல் ஆலையில் நாளொன்றுக்கு 300 டன் கூழ் எடுக்கக்கூடிய மைநீக்கப் பிரிவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். சில சுற்றுகளுக்குப் பிறகு தாளாக நிற்காது. எண்ணெய் பட்ட தாள் முதல் சுற்றுக்கே உதவாது. வடைக்கும் பஜ்ஜிக்கும் பேப்பர் சுற்றுவதில் இந்த இழப்பும் உண்டு, அச்சு மை வயிற்றுக்குப் போகும் கேடும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் அதைத் தடுத்துவிட்டன. டீக்கடைகளில் இன்னும் நின்றபாடில்லை.

ஆகவே மிச்சத்தை என்ன செய்வது என்பதைவிட, மிச்சம் விழாமல் பார்ப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அண்ணாச்சி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். கடைக்கு ஒரு பக்கம், கிழமைக்கு ஒரு கட்டம். திரும்பி வந்தது சிவப்பு மையில். பள்ளிக்கூட முக்குக் கடையில் லீவு நாளில் ஆறு பிரதி மிஞ்சுவதை அந்த நோட்டுதான் அவருக்குக் காட்டியது. இப்போது அந்தக் கடைக்கு லீவு நாளில் ஆறு குறைத்தே போடுகிறார்.

"ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் எண்ணிக்கைய மாத்திக்க விட்டாங்கன்னா போதும் சார். மழை வருமா வராதான்னு அதுக்குள்ள தெரிஞ்சிரும்."

(தொடரும்)