தடையில் தொடங்கி தானத்தில் முடிந்த ஆண்டு

வானொலியில் 'பினாகா கீத்மாலா' தொடங்கிய அதே 1952-ம் ஆண்டில்தான் பிரிட்டனிலும் பாடல்களுக்கு வரிசை எண் கொடுக்கும் வழக்கம் பிறந்தது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்ற வாரப் பத்திரிகை சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்கு டெலிபோன் செய்து, எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டு, நவம்பர் 14-ல் முதல் பட்டியலை வெளியிட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் 1984-ம் ஆண்டைப் போல இன்னொன்றைச் சொல்வது கடினம். முந்தைய டிசம்பரிலிருந்து தொடர்ந்த ஒன்றையும் சேர்த்து அந்த ஆண்டில் முதலிடம் கண்டவை 15 பாடல்கள்.

தடையே விளம்பரம்

லிவர்பூலைச் சேர்ந்த 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் 'ரிலாக்ஸ்' பாட்டு ஆபாசமானது என்று ஜனவரியில் பி.பி.சி. அறிவிப்பாளர் மைக் ரீட் அதை ஒலிபரப்ப மறுத்தார். பி.பி.சி.யும் தடை விதித்தது. விளைவு? பாட்டு முதலிடத்துக்குப் போய் 5 வாரங்கள் அசையாமல் நின்றது. நாட்டின் முதல் பாட்டை நாட்டின் வானொலியில் கேட்க முடியாத விசித்திர நிலை!

மார்ச்சில் ஜெர்மானியப் பாடகி நேனாவின் குழு முதலிடத்துக்கு வந்தது. வானில் பறக்கும் பலூன்களை எதிரி என்று நினைத்து உலகமே போரில் அழிவதுதான் அந்தப் பாட்டின் கதை. ஜூனில் அதே ஃபிராங்கி குழுவின் 'டூ டிரைப்ஸ்' வந்தது. ரீகனும் செர்னென்கோவும் குஸ்தி போடுவதாக அதற்குப் படம் எடுத்திருந்தார்கள். அணுகுண்டு பயம் பரவியிருந்த அந்தக் காலத்தில் அது 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டில் வேறெந்தப் பாட்டும் அவ்வளவு நாள் நிற்கவில்லை.

பசியின் குரல்

அக்டோபர் 23-ல் எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றி மைக்கேல் பர்க் தயாரித்த செய்திப் படம் பி.பி.சி. டெலிவிஷனில் வந்தது. அதைப் பார்த்த பாடகர் பாப் கெல்டாஃப் கலங்கினார். மிட்ஜ் யூருடன் சேர்ந்து ஒரு பாட்டை உருவாக்கினார். 'ரிலாக்ஸ்' பாட்டின் தயாரிப்பாளரான டிரெவர் ஹார்ன் தமது லண்டன் ஸ்டூடியோவை ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தார். நவம்பர் 25-ல் ஸ்டிங், பாய் ஜார்ஜ், ஜார்ஜ் மைக்கேல் முதலியோர் கூடிப் பாடினார்கள். 'பாண்ட் எய்ட்' என்பது அந்தக் கூட்டத்தின் பெயர்.

அப்போதுதான் ஜிம் டைமண்ட் என்ற பாடகர் முதலிடத்துக்கு வந்திருந்தார். அடுத்த வாரம் தன் தட்டை வாங்க வேண்டாம், பாண்ட் எய்ட் தட்டை வாங்குங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். பாடிப் பிழைப்பவர் இப்படிச் சொல்வது லேசான காரியமா?

விற்பனை வரியை விட்டுக்கொடுக்க தாட்சர் அரசு முதலில் மறுத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த அளவுப் பணத்தை நிவாரணத்துக்கே கொடுத்தது. தட்டு பிரிட்டனில் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. ஓராண்டுக்குள் 80 லட்சம் பவுன் சேர்ந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. 4-ம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவம் வேரூன்றிய நாட்டு மக்களுக்குக் கிறிஸ்துமஸ் தெரியுமா என்று கேட்பது அறியாமை அல்லவா என்றார்கள். பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டுமல்ல, உள்நாட்டுப் போரும் காரணம் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. இரண்டும் நியாயமான குறைகளே. ஆனாலும் அந்தப் பணம் பசித்தவர்களுக்காகவே சேர்ந்தது.

இரண்டாம் இடம்

அந்தக் கிறிஸ்துமஸில் இரண்டாம் இடத்தோடு நின்றது 'வாம்' குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. அதை எழுதிய ஜார்ஜ் மைக்கேல் பாண்ட் எய்டிலும் பாடியவர். தம்மை முந்திய பாட்டில் தம் குரலும் இருந்தது. 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வருமானத்தையும் எத்தியோப்பியாவுக்கே கொடுத்தார்கள். 36 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி முதல் நாள் பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அதைப் பார்க்க ஜார்ஜ் மைக்கேல் இல்லை. 2016 கிறிஸ்துமஸ் அன்று அவர் காலமாகிவிட்டார்.