பெயரில்லாத மாத்திரை

பெண்ணின் மாதச் சுழற்சியை நான்கு பருவங்களாகப் பிரித்து, எந்த வாரம் கதை எழுதலாம், எந்த வாரம் கணக்கு வழக்குப் பார்க்கலாம், எந்த வாரம் காலை நீட்டிப் படுக்கலாம் என்று அட்டவணை போட்டுத் தரும் செயலிகள் கைபேசிகளில் குவிந்துவிட்டன. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டிக் கற்பனை ஊற்றெடுக்கும் என்கிறார்கள். எழுதுகிற, வரைகிற, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண்கள் சிலர் இது தங்களுக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள். உதவட்டும். ஆனால் தன் நாளைத் தானே பங்கிட்டுக்கொள்ள முடிந்தவர்களுக்குத்தான் அந்த அட்டவணை. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கும் திருப்பூர் டெய்லருக்கு மாதத்தின் எல்லா வாரமும் ஒரே வாரம்தான்.

அவருடைய வலியை விட்டுவிட்டு இந்தச் சுழற்சியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. கருப்பையின் உட்சவ்வு கழன்று வரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. இறுக்கம் கூடும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைந்து வலி பிடிக்கிறது. சிலருக்கு வாந்தி, பேதி, தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த உடம்போடுதான் இந்த ரத்தப்போக்கும்.

அந்த நாட்களில் பெண்ணுக்குப் புத்தி மட்டுப்படும் என்று இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் பெண்களை நாள்தோறும் சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று 1914-லேயே எழுதிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2025-ல் வெளிவந்த ஆய்வின் முடிவும் அதுதான். அறிவும் கற்பனையும் எங்கேயும் போய்விடுவதில்லை. வலிக்கிற உடம்பை ஓய்வெடுக்க விடாததுதான் பிரச்சினை.

ஓய்வெடுக்க விடாமல் வேலை வாங்க என்ன வழி? மாத்திரை. ஒரு பன்னாட்டுச் செய்தி நிறுவனம் தமிழகத்து ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி 2019-ல் செய்தி வெளியிட்டது. அத்தனை பேருக்கும் மாதவிடாய் வலிக்கு வேலையிடத்திலேயே மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் கொடுத்தவர் மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. மாத்திரையில் மருந்தின் பெயர் இல்லை, காலாவதி தேதி இல்லை. வலி என்று சொன்னால் ஒன்றைக் கையில் வைத்து, "போட்டுட்டுப் போய் உக்காரும்மா, டார்கெட் முடியணும்" என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடும் இடங்கள் அவை.

எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் இதுதான். மெஃபனமிக் அமிலம், ஐபூப்ரோஃபென் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைத்து வலியை ஆற்றுகின்றன. முறையாகச் சாப்பிட்டால் நல்ல மருந்துகள்தான். வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையைப் புண்ணாக்கும். அளவு மீறினால் சிறுநீரகத்துக்குக் கேடு. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கழிவறைக்கு எழுந்தால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பாரே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, பேர் தெரியாத மாத்திரையை மாதாமாதம் கொடுப்பது வைத்தியமே இல்லை. மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. வலி எதனால் என்று யாரும் கேட்காததால் கருப்பைக் கட்டியோ, உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ வருடக்கணக்கில் மறைந்தே கிடக்கலாம்.

இதைவிடக் கொடுமை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது. கரும்பு வெட்டப் போகும் கணவனும் மனைவியும் அங்கே சேர்ந்து ஒரே அரிவாளாகக் கணக்கு. முன்பணம் வாங்கிவிட்டுப் போனவர்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய்க்கும் அதே அபராதம்தான். மாநில அரசு அமைத்த குழு 2019-ல் 82,000-க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் 13,000-க்கும் அதிகமானோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது.

நம் ஊரில் 'வீட்டுக்கு விலக்கு' என்று மூன்று நாள் ஒதுக்கிவைத்ததே ஓய்வுக்காகத்தான் என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். கோயிலுக்கும் அடுப்படிக்கும்தான் அந்தத் தடை. கூலிக்குப் போன பெண்ணுக்கு நாற்று நடவும் களை எடுக்கவும் யாரும் விலக்குக் கொடுத்ததில்லை.

மாதவிடாய் விடுப்பு என்பது புதிய கேள்வியும் அல்ல. கேரளத்தின் திருப்பூணித்துறையில் ஒரு பெண்கள் பள்ளி 1912-லேயே தேர்வு நேரத்தில் மாணவிகளுக்கு விடுப்புக் கொடுத்து, பிறகு எழுத அனுமதித்தது. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுக்கிறது. ஜப்பானில் 1947-லேயே சட்டம் வந்தது. 1965-ல் அங்கே கால்வாசிப் பெண்கள் அந்த விடுப்பை எடுத்தார்கள். இப்போது எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மேலதிகாரியான ஆணிடம் போய்க் கேட்கக் கூச்சம், கேட்டால் பேர் கெடுமோ என்ற பயம். விடுப்புக் கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்ற வாதமும் இருக்கிறது. மகப்பேறு விடுப்பு வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மருத்துவர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பொதுவிதிப்படி முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. மாதவிடாய் வலி பெரும்பாலும் வாட்டி எடுப்பது அந்த முதல் இரண்டு நாள்தான்.

இந்த வலிக்காவது அந்த இரண்டு நாள் காத்திருப்பை நீக்க வேண்டும். தையல் கூடங்களில் மருத்துவர் எழுதாத மாத்திரை கைமாறக் கூடாது. பனியன் கம்பெனிக்குப் போகும் சகோதரிகளே, மாத்திரை கொடுத்தால் பெயரைக் கேளுங்கள், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, வலி மாதாமாதம் உங்களைப் படுக்கையில் தள்ளினாலோ தாமதிக்காமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.